நீர்வளமும் நீச்சற்களமும்: அப்புத்தளைத் தோட்டச் சிறுவரை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இலங்கையின் மத்திய மலைநாடு தென்திசையிற் சடுதியாகச் சரிந்து இறங்கும் விளிம்பிலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது அப்புத்தளை. இங்குள்ள மலைமுகட்டின் வடபுறத்தே பெய்யும் மழை உமா ஓயா, பதுளை ஓயா என்பவற்றின் வழியே மகாவலியைச் சேர்ந்து கீழைக் கடலை அடைகின்றது. தென்புறத்தே பெய்யும் மழை வளவை கங்கையாகவும் கிரிந்தி ஓயாவாகவும் தென்கடலை நாடுகின்றது. நாட்டின் மிக உயர்ந்த நீர்வீழ்ச்சியாகிய 263 மீற்றர் உயரமுள்ள பம்பரகந்தையும், 220 மீற்றர் உயரமுள்ள தியலுமையும் இம்மலைச்சரிவுகளிலேயே வீழ்கின்றன. நீரின் பிறப்பிடம் என்று இப்பிரதேசத்தைக் கூறினும் அது மிகையாகாது.

எனினும், இந்நீரின் அருகே பிறந்து வளரும் தோட்டத்துச் சிறுவருள் நீந்தக் கற்றவர் மிகச் சிலரே. நாட்டில் நடைபெறும் வயதுவாரி நீச்சற் போட்டிகளின் வெற்றியாளர் வரிசையிலே கொழும்பு, கண்டி முதலிய நகரங்களின் கழகங்களும் கல்லூரிகளுமே பெரிதும் இடம்பெறுகின்றன. தோட்டப் பாடசாலைகளின் பெயரை ஆங்குக் காண்டல் அரிது. இதற்கு மலைநாட்டுக் குளிரையும் மக்களின் அச்சத்தையும் காரணங்காட்டுவோர் உளர். அவை ஓரளவு உண்மையே. ஆயினும், நீச்சற் போட்டி என்னும் நிறுவனம் எங்ஙனம் தோன்றியது, அது இலங்கைக்கு எவர் கையால் வந்தது, வந்தபோது எவருக்கு அதன் வாயில் திறந்திருந்தது என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் இக்குறையை விளங்கிக்கொள்ளல் இயலாது. அவ்வினாக்களை வரலாற்று அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புனலாட்டும் போட்டியும்

நீர்விளையாட்டுத் தமிழருக்குப் புதியதன்று. வையையின் புதுப்புனலிலே மதுரை மாந்தர் ஆடிய விழாக்களைப் பரிபாடல் விரித்துரைக்கின்றது. தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய புறநானூற்று 243ஆம் பாடலோ முதுமையில் இளமையை எண்ணி இரங்கும் ஒருவரின் கூற்றாக அமைந்தது. நீர்த்துறையில் தாழ்ந்திருந்த மருதமரக் கிளையிலேறி, கரையில் நின்றோர் வியக்கும்படி மடுவிற் பாய்ந்து, அடியிற் கிடந்த மணலை எடுத்துவந்து காட்டிய இளமைப் பருவத்தை அவர் நினைவுகூர்கின்றார். அங்கே சிறுவனும் உண்டு, பார்வையாளரும் உண்டு, திறமையை மெய்ப்பிக்கும் சான்றாக மணலும் உண்டு. ஆனால் அளந்த தூரமில்லை, கணித்த நேரமில்லை, எழுதிய விதியில்லை.

இம்மூன்றுமே விளையாட்டைப் போட்டியிலிருந்து பிரித்துக் காட்டுவன. ஆற்றிலே நீரோட்டம் நீந்துவோன் ஒருவனுக்குத் துணையாகவும் மற்றொருவனுக்குத் தடையாகவும் அமையும். இன்று நீந்திய நேரத்தை நாளை நீந்திய நேரத்தோடு ஒப்பிட இயலாது. ஓட்டமற்ற நீர், மாறாத நீளம், நேரிய சுவர் ஆகியன வாய்த்தபோதே நீச்சல் அளவிடக்கூடிய கலையாயிற்று. எனவே நீச்சற் போட்டியின் வரலாறு, அடிப்படையில், தடாகத்தின் வரலாறே எனலாம்.

தொழிலாளருக்கென எழுந்த தடாகம்

தற்கால நீச்சற் போட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே உருவாயிற்று. 1837இல் இலண்டனில் தேசிய நீச்சற் சங்கம் நிறுவப்பட்டு, அந்நகரத்துத் தடாகங்களிலே போட்டிகள் நடத்தப்பட்டன. 1844இல் வட அமெரிக்கப் பழங்குடியினர் இருவர் இலண்டனில் நீந்திக் காட்டியபோது, கைகளை நீருக்கு மேலே மாறிமாறி வீசி விரைந்தனர். தவளையைப் போன்று அமைதியாக நீந்தும் மார்பு நீச்சலே பண்புடையது எனக் கருதிய ஆங்கிலேயர் அதனை நாகரிகமற்றது என்று ஒதுக்கினர். பிற்றைநாளில் உலகமெங்கும் மிக விரைவான நீச்சலாக ஏற்கப்பட்டது கைகளை மாறிமாறி வீசும் அம்முறையே என்பது நோக்கற்பாலது.

ஆயினும் சங்கங்களினும் முதன்மையானது ஒரு சட்டம். கைத்தொழிற் புரட்சியினாற் பெருகிய நகரங்களில் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த சேரிகளிலே அழுக்கும் தொற்றுநோயும் மலிந்தன. இதனைப் போக்கக் கருதிய பிரித்தானியப் பாராளுமன்றம், உள்ளூராட்சி மன்றங்கள் பொதுப்பணத்திற் குளிக்குமிடங்களையும் சலவைச் சாலைகளையும் கட்டுவதற்கு இடமளிக்கும் சட்டத்தை 1846இல் நிறைவேற்றியது. அச்சட்டத்தின் வழியும் பின்வந்த திருத்தங்களின் வழியும் இங்கிலாந்தின் தொழில் நகரங்களிற் சிறு கட்டணத்திற் குளிக்கவும் நீந்தவும் கூடிய தடாகங்கள் எழுந்தன. நெசவாலைத் தொழிலாளியின் மகன் நீந்தக் கற்றது அங்கேதான். அத்தடாகங்களைச் சுற்றிக் கழகங்கள் தோன்றின. கழகங்கள் தம்முள் மோதின. மோதலுக்குப் பொது விதி வேண்டியிருந்தது. இலண்டன் நகரக் கழகங்கள் ஒன்றுகூடி 1869இல் அமைத்த சங்கமே பின்னர் நாடு தழுவிய பயில்முறை நீச்சற் சங்கமாக வளர்ச்சியுற்றது.

1896இல் ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக்கில் நீச்சற் போட்டிகள் கடற்குடாவிலேயே இடம்பெற்றன. ஏறத்தாழ 13 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலிருந்த குளிர்நீரில் ஹங்கேரிய இளைஞர் அல்பிரட் ஹயோஸ் இரு போட்டிகளில் வென்றார். 1908இல் இலண்டன் ஒலிம்பிக்கின்போது விளையாட்டரங்கினுள்ளே 100 மீற்றர் நீளமான தடாகம் கட்டப்பட்டது. அவ்வாண்டிலேயே சர்வதேச நீச்சற் சம்மேளனமும் தோன்றியது. பெண்களுக்கான போட்டி 1912இல் ஸ்ரொக்ஹோமில் தொடங்கிற்று. ஆகவே கடலிலிருந்து தடாகத்துக்கும், தடாகத்திலிருந்து உலக அமைப்புக்கும் நீச்சற் போட்டி முன்னேறியது. அம்முன்னேற்றத்தின் அடித்தளத்திலே தொழிலாளருக்கென அரசு கட்டிய பொதுத் தடாகம் இருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

வயதுவாரிப் போட்டியின் இயல்பு

சிறுவருக்கான நீச்சற் போட்டி தனியொரு முறையாக வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே. பத்து வயதினனைப் பதினேழு வயதினனோடு நீந்தவிடுதல் நீதியன்று என்பதை உணர்ந்து, ஐக்கிய அமெரிக்காவில் 1950களின் தொடக்கத்தில் வயதுவாரிப் பிரிவு முறை ஒழுங்குபடுத்தப்பட்டது. பின்னர் அது பல நாடுகளிலும் பரவியது. இலங்கையிலும் நீர் விளையாட்டுச் சம்மேளனம் நடத்தும் வயதுவாரிச் சம்பியன் போட்டிகளிலும் பாடசாலைப் போட்டிகளிலும் இம்முறையே கைக்கொள்ளப்படுகின்றது.

அதன் நடைமுறை வருமாறு. ஒரு கழகத்தின் பயிற்றுநர் தம் நீச்சல்வீரர் ஒவ்வொருவரினதும் முந்திய சிறந்த நேரத்தைக் குறித்து, அவர் பங்குபற்றும் நிகழ்ச்சிகளைப் போட்டி அமைப்பாளருக்கு முன்கூட்டியே அனுப்புவார். எவ்வகையிலும் நீந்தக்கூடிய விருப்ப நீச்சல், மல்லாந்த நீச்சல், மார்பு நீச்சல், வண்ணத்துப்பூச்சி நீச்சல் என நீச்சல் நால்வகைப்படும். இந்நான்கையும் ஒருவரே அடுத்தடுத்து நீந்தும் கலப்பு நீச்சலும், நால்வர் கூடி நீந்தும் அஞ்சல் நீச்சலும் உள. அனுப்பப்பட்ட நேரங்களின் அடிப்படையிற் சிறுவர் சுற்றுக்களாகப் பிரிக்கப்படுவர். எட்டுத் தடங்களுள்ள தடாகத்தில் ஒரு சுற்றின் மிக விரைவானவருக்கு நான்காம் தடம் வழங்கப்படும். அடுத்தவருக்கு ஐந்தாம் தடம், அதற்கடுத்தவருக்கு மூன்றாம் தடம் என நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வரிசை விரியும். ஆறு தடங்களாயின் மூன்றாம் தடத்திலிருந்து இவ்வொழுங்கு தொடங்கும். இதனால் தடத்தைப் பார்த்த அளவிலேயே எவர் முந்துவர் என எதிர்பார்க்கப்படுகின்றார் என்பதைப் பார்வையாளர் அறிவர்.

போட்டி நாட்காலையில் உடலைச் சூடேற்றும் பொருட்டு எல்லாக் கழகத்தினரும் தடாகத்தில் இறங்கி நீந்துவர். பின்னர் நிகழ்ச்சி எண்ணும் சுற்று எண்ணும் அறிவிக்கப்பட, உரியோர் ஓரிடத்திற் கூடி, தத்தம் தடத்தின் பின்னே நிற்பர். நீண்டதொரு ஊதலொலி கேட்டதும் மேடையில் ஏறுதல் வேண்டும். தொடக்குநர் கட்டளையிட்டபின் அசைவற்று நிற்றல் வேண்டும். ஒலி எழுமுன் பாய்ந்தவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார்; இக்கால விதி இரண்டாவது வாய்ப்பை வழங்குவதில்லை. மார்பு நீச்சலிலும் வண்ணத்துப்பூச்சி நீச்சலிலும் இரு கைகளும் ஒருங்கே சுவரைத் தொடல் வேண்டும். ஒரு கை முந்தினும் நீந்தியது பயனற்றதாகும். அஞ்சல் நீச்சலில் முன்னவர் சுவரைத் தொடுமுன் பின்னவரின் பாதம் மேடையை விட்டு நீங்குமாயின் நால்வரும் நீக்கப்படுவர். முதன்முறை நீக்கப்பட்ட சிறுவர் கண்ணீர் விடுதல் இயல்பு. எனினும் விதி என்பது தமக்கும் பிறர்க்கும் ஒன்றே என்னும் பாடத்தை இளமையிற் கற்பிக்கும் இடங்களுள் நீச்சற் களமும் ஒன்றாகும்.

மின்கருவி இல்லாத இடங்களில் ஒவ்வொரு தடத்துக்கும் மூன்று நேரக்கணிப்பாளர் நிறுத்தற் கடிகாரத்துடன் நிற்பது மரபு. மூன்றனுள் இரண்டு கடிகாரங்கள் ஒத்திருப்பின் அதுவே நேரம். மூன்றும் வேறுபடின் நடுவிலுள்ளதே நேரம். இவ்விதியின் அருமையை 1960இல் றோம் நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் தெளிவாக உணர்த்திற்று. 100 மீற்றர் விருப்ப நீச்சலில் அவுஸ்திரேலியரான ஜோன் டெவிற்றும் அமெரிக்கரான லான்ஸ் லார்சனும் ஏறக்குறைய ஒருங்கே சுவரைத் தொட்டனர். டெவிற்றின் தடத்திலிருந்த மூன்று கடிகாரங்களும் 55.2 செக்கன் காட்டின. லார்சனின் தடத்துக் கடிகாரங்களோ 55.0, 55.1, 55.1 எனக் காட்டின. ஆனால் அக்காலத்தில் வரிசையைக் கண்ணாற் கண்டு தீர்மானிக்கும் நடுவரின் சொல்லே மேலோங்கியமையால், தங்கப்பதக்கம் டெவிற்றுக்கு வழங்கப்பட்டது. இவ்வழக்கு மின்கருவியின் வரவை விரைவுபடுத்தியது.

மின்கருவி வந்தபின் வேறொரு சிக்கல் எழுந்தது. 1972இல் மியூனிச் நகரில் 400 மீற்றர் கலப்பு நீச்சலில் சுவீடனின் குன்னர் லார்சன் அமெரிக்கரான ரிம் மக்கீயை ஒரு செக்கனின் ஆயிரத்தில் இரண்டு பங்கு வேறுபாட்டில் வென்றார். அவ்விடைவெளியில் ஒருவர் நீந்தக்கூடிய தூரம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றரே. தடாகத்தின் தடங்களே அவ்வளவு துல்லியமாகக் கட்டப்படுவதில்லை என்பதை உணர்ந்து, பின்னர் செக்கனின் நூற்றில் ஒரு பங்கோடு கணிப்பு நிறுத்தப்பட்டது. கடிகாரத்தின் கூர்மை தடாகத்தின் செம்மையை விஞ்சலாகாது என்பதே அதன் உட்கிடை. நடுவரின் விருப்பு வெறுப்புக்கு இடமளியாது, குலமும் கோத்திரமும் செல்வமும் நோக்காது, சுவரைத் தொட்ட கணத்தையே நோக்கும் நிலையை நீச்சற் போட்டி இவ்வாறு படிப்படியாக எய்தியது.

மேலும், இப்போட்டியில் இளையோர் ஒவ்வொருவரும் தம்மோடு தாமே பொருதுகின்றனர். சுற்றிற் கடைசியாக வந்த பதினொரு வயதுச் சிறுமியும் தனது முந்திய நேரத்தில் ஒரு செக்கனைக் குறைத்தாளாயின் மகிழ்ச்சியோடு கரையேறுவாள். அந்நேரம் அவளது பெயரோடு எழுதப்பட்டு, அடுத்த போட்டியில் அவளுக்குரிய சுற்றையும் தடத்தையும் நிர்ணயிக்கும். நீதி நிறைந்த முறை இது. ஆனால் இந்நீதி தடாகத்தின் உள்ளேதான் தொடங்குகின்றது. அதன் வாயிலுக்கு வெளியே நிற்பவரைக் கடிகாரம் அறியாது.

இலங்கையிற் போட்டி நீச்சல்

பிரித்தானியர் தம் விளையாட்டுக்களை இலங்கைக்குக் கொணர்ந்தபோது கழகத்தைக் கொணர்ந்தனர். 1846ஆம் ஆண்டுச் சட்டத்தின் உட்கருத்தைக் கொணர்ந்தாரல்லர். 1938இல் நிறுவப்பட்ட கொழும்பு நீச்சற் கழகம் தொடக்கத்தில் ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. தொழிலாளரின் நலன் கருதி இங்கிலாந்தில் எழுந்த தடாகம், இலங்கையில் ஆள்வோரின் தனியுரிமைச் சின்னமாக உருமாறியது.

உள்நாட்டவர் வேறுவழி கண்டனர். வெள்ளவத்தைக் கடற்கரையில் 1941இல் தொடங்கப்பட்ட கின்றோஸ் நீச்சல், உயிர்காப்புக் கழகத்தினர் கடலையே தடாகமாகக் கொண்டு பயின்றனர். கல்கிசைக் கடலில் நடைபெற்றுவந்த இரண்டு மைல் நீச்சற் போட்டியும் புகழ்பெற்றது. கொழும்பு றோயல் கல்லூரி, கல்கிசைப் புனித தோமையர் கல்லூரி, கண்டித் திரித்துவக் கல்லூரி போன்ற முன்னணிக் கல்லூரிகள் தமக்கெனத் தடாகங்களைப் பெற்றன. இத்தகைய கழகங்களையும் கல்லூரிகளையும் அடித்தளமாகக் கொண்டே இலங்கையின் போட்டி நீச்சல் வளர்ந்தது. 1984, 1988, 1992 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிற் பங்குபற்றிய ஜூலியன் போலிங்கும், 2016இல் குவகாத்தியில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டு விழாவில் ஏழு தங்கப்பதக்கங்களை ஈட்டிய மத்தியூ அபேசிங்கவும் அவ்வளர்ச்சியின் சிகரங்களாவர்.

வடபுலத் தமிழரின் சாதனை தடாகத்துக்கு வெளியே நிகழ்ந்தது. தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954 மார்ச் மாதத்தில் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு ஏறத்தாழ 27 மணித்தியாலங்களில் நீந்திப் பாக்கு நீரிணையைக் கடந்தார். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன் 1971இல் அந்நீரிணையைப் போகவும் மீளவும் நீந்திக் கடந்து வியப்பூட்டினார். அவர் 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர்நீத்தமை துயர்மிக்க நிகழ்ச்சியாகும். 1994இல் தமிழகத்துச் சிறுவன் குற்றாலீஸ்வரன் தனது பன்னிரண்டாம் வயதில் அதே நீரிணையைக் கடந்தான். கடலோரத்திற் பிறந்தவருக்குக் கடலே ஆசானாயிற்று என்பதை முன்னைய இருவரின் வரலாறும் காட்டுகின்றது.

அந்தக் கடலையே மலையகத் தொழிலாளரின் மூதாதையரும் கடந்தனர். ஆனால் அவர்கள் நீந்துவதற்கு வந்தவரல்லர். தோணிகளில் நெருக்குண்டு மன்னார்க் கரையை அடைந்து, காடுகளினூடே கால்நடையாக மலைநாட்டை நோக்கி நடந்தனர். வழியிலே நோயாலும் நீராலும் மாண்டோர் பலர். ஒரே நீர்ப்பரப்பு ஒரு சாராருக்குச் சாதனைக் களமாகவும் மற்றொரு சாராருக்குப் பிழைப்புத் தேடிக் கடந்த வழியாகவும் அமைந்தது.

அப்புத்தளையில் நேர்ந்தது

கோப்பிப் பயிர் அழிந்து தேயிலை ஓங்கிய காலத்திலே அப்புத்தளை விரைந்து மாறியது. தோமஸ் லிப்ரன் 1890இல் தம்பேத்தன்னையில் தேயிலைத் தொழிற்சாலையை அமைத்தார். 1893இல் புகையிரதப் பாதை அப்புத்தளையை எட்டியது. அடுத்த ஆண்டிற் பண்டாரவளைக்கும், 1924இற் பதுளைக்கும் அது நீண்டது. துரைமாரின் ஓய்வுக்கென மலைநாடெங்கும் கழகங்கள் தோன்றின. நுவரெலியாவின் மலைக் கழகம் 1876இலேயே நிறுவப்பட்டது. டெனிஸ், ரக்பி, கிரிக்கெற் ஆகியவை அக்கழகங்களின் வாழ்வோடு இணைந்தன. தோட்டத் தொழிலாளி அங்கே பணியாளாக நுழையலாம். விளையாடுவோனாக நுழைதல் இயலாது.

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சி கருதத்தக்கது. தென்னாபிரிக்கப் போரிற் பிரித்தானியராற் சிறைப்பிடிக்கப்பட்ட போயர்கள் ஏறக்குறைய 5,000 பேர், 1900இலிருந்து, அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தியத்தலாவையில் வைக்கப்பட்டனர். கைதிகளாயினும் அவர்களுக்கு விளையாட்டுக்கு இடமளிக்கப்பட்டது. 1901 யூலையில் அவர்களது கிரிக்கெற் அணி கொழும்புக்குச் சென்று கோல்ற்ஸ் கழகத்துடன் ஆடியது. அதே ஆண்டுகளில், சில மைல் தொலைவிலிருந்த தோட்டத் தொழிலாளி, கடன் தீர்ந்ததைக் காட்டும் ‘துண்டு’ இன்றி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குச் செல்லவும் இயலாதவனாயிருந்தான். துண்டு முறை ஒழிந்தது 1921இலேயே. ஓடிப்போன தொழிலாளியைச் சிறையிலிடும் சட்டங்களும் அக்காலத்தில் நடைமுறையிலிருந்தன. போர்க்கைதிக்குக் கிட்டிய விளையாட்டும் பயணமும் கைதியல்லாத தொழிலாளிக்குக் கிட்டாமைக்கு, ஆட்சியாளர் அவனை மனிதனாகவன்றி ஆட்கணக்காகவே கருதியமை காரணமாகும்.

சிறுவர் நிலையும் அத்தகையதே. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆண், பெண், சிறுவர் என மூவகையினருக்குத் தனித்தனிக் கூலி வகுத்தது. அது தொழிலாளருக்குப் பாதுகாப்பளித்த சட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் சிறுவர் தோட்டத்திற் கூலியாட்களாக இருந்தனர் என்பதற்கும் அதுவே சான்றாகும். நீச்சற் களத்திலே வயது என்பது சமபலமுள்ளோரை ஒன்றுசேர்க்கும் அளவுகோல். தோட்டத்தின் பேரேட்டிலே அது கூலியைக் குறைக்கும் அளவுகோலாயிருந்தது. விடியற்காலைப் பெரட்டுக்கு எழுந்து, கொழுந்துக் கூடையின் பின்னே நடந்த சிறுவனுக்கும் சிறுமிக்கும் விளையாட்டுப் பருவம் என்று ஒன்று இருந்ததில்லை.

நீர் அவர்களை வேறு வகையிலேயே சந்தித்தது. லயத்துக்குக் கீழேயுள்ள பீலியில் வரிசையாக நின்று குடம் நிறைத்தல், மாலையிற் பீலித்தண்ணீரிற் குளித்தல், மழைக்காலத்தில் ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைத்தல் என்பனவே நீரோடு அவர்களுக்கிருந்த உறவு. பீலியிலே குளிக்கலாம், நீந்த முடியாது. மலையோடைகளோ பாறையும் சுழியும் நிறைந்தவை. இயற்கை வழங்கிய நீர் பயில்வதற்குரிய நீராக அமையவில்லை. யாழ்ப்பாணக் கரையோரச் சிறுவனுக்கு ஆழங்குறைந்த கடல் செய்த உதவியை அப்புத்தளைச் சிறுவனுக்கு எந்த ஓடையும் செய்யவில்லை. நீர் பெருக்கெடுத்தால் நிலமே நகரும் என்பதை 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில் நிகழ்ந்த மண்சரிவு கொடூரமாக உணர்த்திற்று. நீரைக் கண்டு அஞ்சும் மனநிலைக்கு அம்மக்களின் வாழ்விலே போதிய காரணங்கள் உள.

1948இல் நாடு விடுதலை பெற்றபோது இக்குறையைத் தீர்க்கும் வாய்ப்பு இருந்தது. ஆனால் அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. வாக்குரிமையற்ற மக்களுக்கு மைதானத்தையோ தடாகத்தையோ கேட்பதற்குக் குரலில்லை. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியின் பயனும் தோட்டப் பாடசாலைகளை உரிய காலத்தில் எட்டவில்லை. அவற்றை அரசு பொறுப்பேற்கும் பணி 1970களிற் தொடங்கிப் படிப்படியாகவே நிறைவேறிற்று. நகரத்துக் கல்லூரிகள் தடாகம் கட்டிய தலைமுறைகளிலே தோட்டப் பாடசாலை ஒற்றை அறையையும் ஓராசிரியரையும் கொண்டு இயங்கியது. இன்றும் மலைச்சரிவிலுள்ள பல பாடசாலைகளுக்குச் சமதரையான விளையாட்டிடமே அரிதாக உள்ளது.

தடையும் வழியும்

தடாகமொன்றை அமைத்தல் எளிதன்று என்பது உண்மையே. 25 மீற்றர் நீளமும் 12 மீற்றர் அகலமும் சராசரி ஒன்றரை மீற்றர் ஆழமும் கொண்ட ஆறு தடத் தடாகம் நான்கரை இலட்சம் லீற்றர் நீரைக் கொள்ளும். அந்நீரை இடையறாது வடித்துத் தூய்மை செய்தல் வேண்டும். சர்வதேச விதி 25 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பநிலையை வேண்டுகின்றது. அப்புத்தளையின் குளிரில் அதனைப் பேணுதல் பெருஞ்செலவாகும். ஆனால் தடாகம் மலைமுகட்டிலேயே அமைய வேண்டும் என்னும் கட்டாயமில்லை. ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையும், முகட்டுக்குக் கீழே தென்சரிவிலுள்ள ஊர்களும் வெப்பம் மிகுந்தவை. பல பாடசாலைகள் முறைவைத்துப் பயிலும் பொதுத் தடாகமாக அது அமையுமாயின், ஒரு கல்லூரி தன் மாணாக்கருக்கு மட்டும் கட்டும் தடாகத்தினும் பலருக்குப் பயன்படும்.

தடாகம் இல்லாதவன் போட்டிக்குச் சென்றால் என்ன நேரும் என்பதற்கு 2000ஆம் ஆண்டின் சிட்னி ஒலிம்பிக் சான்றாகும். நடுக்கோட்டுக் கினியைச் சேர்ந்த எரிக் மூசம்பானி 50 மீற்றர் தடாகத்தை முன்னர் கண்டவரல்லர். தம் நாட்டிலே விடுதியொன்றின் சிறு தடாகத்திற் பயின்றவர். அவரோடு நீந்தவேண்டிய இருவரும் முன்கூட்டியே பாய்ந்து நீக்கப்பட்டமையால், 100 மீற்றர் தூரத்தைத் தனித்தே நீந்தி 1 நிமிடம் 52.72 செக்கனில் முடித்தார். அரங்கத்தினர் ஆர்ப்பரித்து ஊக்கினர். உலகம் அவரது துணிவைப் பாராட்டியது. ஆயினும் அந்நேரம் அவரது ஆற்றலை மட்டும் அளந்ததன்று. அவர் நாட்டின் வசதியின்மையையும் சேர்த்தே அளந்தது. தோட்டத்துச் சிறுவரின் ஆற்றலோ இன்னும் அளக்கப்படவேயில்லை.

பதக்கத்தினும் இன்றியமையாததொன்று உண்டு. உலகில் 2021இல் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவ்வாண்டிலேயே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை யூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாகப் பிரகடனஞ் செய்தது. சிறுவருக்கு நீந்தக் கற்பித்தல் உயிர்காக்கும் வழிகளுள் ஒன்றென அந்நிறுவனம் வற்புறுத்துகின்றது. இராவணா எல்ல போன்ற அருவிகளின் அழகிய மடுக்களிலே இளைஞர் உயிரிழந்த செய்திகள் ஊவா மக்களுக்குப் புதியவையல்ல. ஆகவே தோட்டச் சிறுவருக்கு நீச்சல் ஆடம்பரம் அன்று.

முடிவுரை

நீச்சற் போட்டி பிறப்பிலே தொழிலாளரோடு உறவுடையது. வளர்ச்சியிலே நீதியை நாடியது. கண்ணின் தீர்ப்பை விடுத்துக் கடிகாரத்தின் தீர்ப்பை ஏற்றது. வயதுக்கேற்பச் சிறுவரைப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் உரிய தடத்தை வழங்கியது. இலங்கைக்கு வந்தபோது இப்பண்புகளுள் முதலாவது வழியிலேயே தவறிவிட்டது. அதன் விளைவாகவே, நாட்டின் பேராறுகள் ஊற்றெடுக்கும் மலையில் வாழும் மக்கள் நீச்சற் களத்துக்குப் புறம்பானவராயினர். குளிரோ, அச்சமோ, இயலாமையோ இதற்கு முதற்காரணமன்று. துண்டு முறையும், பேரேடும், குடியுரிமை மறுப்பும், புறக்கணிக்கப்பட்ட பாடசாலையும் சேர்ந்து அமைத்த நிலை இது.

மனிதர் அமைத்ததை மனிதரே மாற்றவும் கூடும். தொழிலாளர் குடியிருப்புக்களுக்குப் பொதுத் தடாகம் வேண்டும் என்று 1846இல் ஒரு பாராளுமன்றம் உணர்ந்தது. அவ்வுணர்வு ஊவாவின் பெருந்தோட்டங்களை வந்தடைய இத்துணைக் காலம் சென்றமையே வியப்புக்குரியது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றமை 2023இல் நினைவுகூரப்பட்டது. காணி, வீடு, கூலி என்னும் தலையாய உரிமைகளுக்காக அவர்கள் இன்னும் போராடுகின்றனர். அவ்வுரிமைகளின் வரிசையிலே, பிள்ளைகள் அச்சமின்றி நீரில் இறங்கும் உரிமையும் இடம்பெறுதல் வேண்டும். அது கைகூடும் நாளில், நேரக்கணிப்பாளரின் ஏட்டிலே அப்புத்தளைப் பாடசாலையொன்றின் பெயரும் எழுதப்படும். எழுதப்படும் நேரம் விரைவானதா, மெதுவானதா என்பது அதன்பின் எழும் வினாவே.